வைஃபை போய்விட்டதா? பார்மட் போடுமுன் இதைப் பாருங்கள்

“பார்மட் போட்டுருவமா அண்ணாச்சி?” லினக்ஸ் லேப்டாப்பில் நெட் வரவில்லை என்று மேலப்பாளையத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி, அம்பாசமுத்திரத்திலிருந்து கூப்பிட்டாலும் சரி, இரண்டாவது வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். போடாதீர்கள். வைஃபை அட்டைக்கு ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள் கோப்பு) இல்லாத லேப்டாப்பில் பத்துத் தடவை பார்மட் போட்டாலும் பத்தாவது தடவையும் அது இல்லாமல்தான் வந்து நிற்கும். ரவுட்டரில் கோளாறு என்றால் லேப்டாப்பை என்ன செய்தும் பிரயோஜனமில்லை. என்ன அறிகுறி என்று சரியாகப் பார்த்தாலே கோளாறு எங்கே என்பது பாதி தெரிந்துவிடும். அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன், உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் டெர்மினல் என்ற கட்டளை அடிக்கும் ஜன்னல் திறக்கும், அதில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்கிறேன். முன்னால் சூடோ என்று வந்தால் எஸ் யு டி ஓ, அப்புறம் ஓர் இடைவெளி. பாஸ்வேர்டு கேட்கும், அடிக்கும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, அது அப்படித்தான்.

முதலில் போனை எடுங்கள்

மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு (இதைத்தான் மறப்பார்கள்) அதே வைஃபையில் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லையா, லேப்டாப்பை மூடிவிட்டு ரவுட்டரிடம் போங்கள். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளியே கம்பி போயிருக்கிறது, ஆள் வந்துதான் கட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி இடித்து கரண்ட் போய் வந்த பிறகு, லேப்டாப் பேட்டரியில் விழித்தே இருக்கும், ரவுட்டர் அப்போதுதான் எழுந்து கண்ணைக் கசக்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் இல்லை என்றால், சரி செய்யவே நெட் வேண்டுமே என்று கையைப் பிசைய வேண்டாம். சார்ஜர் கேபிளால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து, போன் செட்டிங்கில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் யுஎஸ்பி டெதரிங் என்பதை ஆன் பண்ணுங்கள். கம்பி நெட் போலவே லேப்டாப் எடுத்துக்கொள்ளும், டிரைவர் (கருவியை ஓட்டும் மென்பொருள்) ஒன்றும் தேட வேண்டாம். கேபிள் மட்டும் டேட்டாவும் போகிற கேபிளாக இருக்க வேண்டும், சார்ஜ் மட்டும் ஏறுகிற மலிவுக் கேபிளில் அந்த பட்டன் மங்கலாகவே இருக்கும்.

மெனுவில் வைஃபை என்ற பேச்சே இல்லை

இதுதான் ஆளை மிரட்டுகிற அறிகுறி. அட்டாப்டர் இல்லை என்கிறது, அல்லது வைஃபை என்ற வரியையே காணோம்.

போன மழைக்காலத்தில் வள்ளியூர் மைனி கூப்பிட்டார்கள். “தம்பி, காலையில அப்டேட் கேட்டுச்சு, குடுத்தேன். இப்ப வைஃபையே காணும்.”

“மைனி, டெர்மினல்ல எல் எஸ் பி சி ஐ, ஒரு இடைவெளி, ஒரு கோடு, ஒட்டுனாப்புல கே. அடிச்சு என்டர் குடுங்க.”

“ஒரு பக்கம் வந்து நிக்கி.”

“நெட்வொர்க் கன்ட்ரோலர்னு இருக்கா பாருங்க.”

“இருக்கு. கம்பெனி பேரும் ஒரு நம்பரும் போட்ருக்கு.”

“அதுக்குக் கீழ கெர்னல் டிரைவர் இன் யூஸ்னு ஒரு வரி?”

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அடுக்களையில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. “மேல ஈதர்நெட்டுக்கு இருக்கு தம்பி. இதுக்கு இல்ல.”

அந்த இல்லாத வரிதான் விடை. அட்டை இருக்கிறது, லேப்டாப்புக்கு அது தெரிகிறது, ஓட்டுவதற்கு டிரைவர் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் பையன் எங்கிருந்தோ எடுத்து டிகேஎம்எஸ் முறையில் (கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் திரும்பக் கட்டும் முறை) அந்த டிரைவரைத் தனியாகச் சேர்த்திருந்தான், காலையில் புதுக் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்திருக்கிறது, டிரைவர் கட்டத் தேவையான ஹெடர்ஸ் என்ற மென்பொருள் பொட்டலம் லேப்டாப்பில் இல்லாததால் புதுக் கெர்னலுக்கு டிரைவர் கட்டப்படவே இல்லை. ரீஸ்டார்ட் செய்து, ஆரம்பத்தில் எஸ்கேப்பைத் தட்டி (பழைய பயாஸ் லேப்டாப் என்றால் ஷிஃப்டைப் பிடித்தபடி) எந்தக் கெர்னலில் ஏறுவது என்று கேட்கும் க்ரப் மெனுவை வரவழைத்து, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வைஃபை வந்துவிட்டது. நெட் வந்த பிறகு லினக்ஸ் ஹெடர்ஸ் ஜெனரிக் என்ற பொட்டலத்தைச் சேர்த்து, சூடோ டி கே எம் எஸ், இடைவெளி, ஆட்டோ இன்ஸ்டால் என்று சேர்த்து அடித்ததும் புதுக் கெர்னலிலும் சரியானது. அப்டேட் கொடுத்த பிறகு போச்சா, முதல் வேலை பழைய கெர்னலில் ஏறிப் பார்ப்பதுதான். இதைவிட வேகமான சோதனை எனக்குத் தெரிந்து கிடையாது.

டிரைவர் வரி இருந்தும் வைஃபை இல்லையென்றால் ஃபர்ம்வேரைப் பாருங்கள். சூடோ டி எம் இ எஸ் ஜி, அப்புறம் நட்டுக்குத்தான கோடு, ஜி ஆர் இ பி, ஃபர்ம்வேர். ஃபெயில்டு டு லோடு என்று வந்தால் அட்டைக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு வட்டில் இல்லை. உபுண்டு, மின்ட் என்றால் லினக்ஸ் ஃபர்ம்வேர் என்ற ஒரே பொட்டலம் போதும். டெபியனில் தனித்தனி: இன்டெல் அட்டைக்கு ஃபர்ம்வேர் ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர் ரியல்டெக். 2023இல் வந்த டெபியன் 12 முதல் இந்தக் கோப்புகள் இன்ஸ்டால் செய்யும் வட்டிலேயே வருகின்றன, அதற்கு முந்தைய டெபியனில்தான் இந்தத் தலைவலி அதிகம்.

அட்டை எந்தக் கம்பெனி என்று குழப்பமாக இருந்தால், கே என்பதற்கு முன்னால் இரண்டு என் சேர்த்து, அதாவது கோடு, என் என் கே என்று அடியுங்கள். வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் எண் வரும். 8086 என்று தொடங்கினால் இன்டெல், பெரும்பாலும் தொல்லை இல்லாதது. 10இசி ரியல்டெக். 14இ4 பிராட்காம், இதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸ் என்ற ஜன்னலைத் திறந்தால் அதுவே தேடிக் காட்டும். ரியல்டெக் 8821சிஇ அட்டை வைத்திருப்பவர்கள் இன்னும் பழைய குறிப்புகளைப் பார்த்து டிரைவரைத் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், கெர்னல் 5.9 முதல் அது உள்ளேயே இருக்கிறது. புதுக் கெர்னலுக்கு மாறி, பழைய கைவேலையை எடுத்துவிடுவது நல்லது.

செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாத மென்பொருளை ஏறவிடாத பூட்டு) ஆன் ஆக இருந்தால் தனியாகக் கட்டிய டிரைவரை கெர்னல் ஏற்காது. இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரையில் என்ரோல் மோக் என்று கேட்கும், நம்மாட்கள் பயந்துபோய் கன்டின்யூ பூட் அமுக்கிவிட்டு வந்துவிடுவார்கள். அங்கே என்ரோல் கொடுத்து அந்தப் பாஸ்வேர்டை அடித்தால்தான் டிரைவர் ஏறும்.

எல் எஸ் பி சி ஐ பட்டியலில் அட்டையே இல்லையா? விண்டோஸும் சேர்ந்து இருக்கிற லேப்டாப் என்றால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அட்டையை அரைத் தூக்கத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கும். விண்டோஸில் ஏறி, பவர் ஆப்ஷனில் அதை அணைத்துவிட்டு, ஒழுங்காக ஷட் டவுன் செய்யுங்கள். அப்படியும் இல்லையென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கழலும் மாடல் என்றால் கழற்றி, பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேட்பதற்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிற மாதிரி இருக்கும், ஆனால் மிச்ச மின்சாரம் வடிந்ததும் முரண்டு பிடித்த அட்டை எழுந்து வருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

வைஃபை இருக்கிறது, ஆன் ஆக மாட்டேன் என்கிறது

ஆர் எஃப் கே ஐ எல் எல், இடைவெளி, லிஸ்ட். சாஃப்ட் பிளாக்டு எஸ் என்று வந்தால் மென்பொருள் பூட்டு: சூடோ ஆர்எஃப்கில், அன்பிளாக், ஆல், தீர்ந்தது. ஹார்டு பிளாக்டு எஸ் என்றால் கட்டளையால் திறக்காது, லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு தள்ளு சுவிட்சோ, எஃப்என் பட்டனோடு சேர்த்து அமுக்க வேண்டிய விமானப் படம் போட்ட பட்டனோ இருக்கும். 2011 முதல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்புகள் நம் பக்கம் இன்னும் எத்தனையோ வீட்டில் லினக்ஸ் போட்டு உயிரோடு இருக்கின்றன, மேசை துடைக்கும்போது கை பட்டு அந்த பட்டன் மாறிவிடுவது சர்வசாதாரணம். பெருமாள்புரத்தில் ஒரு வீட்டில் வைஃபை தினமும் பத்து மணிக்குப் போகிறது என்றார்கள். தினமும் பத்து மணிக்குத்தான் ஆச்சி ஈரத்துணியால் லேப்டாப்பைத் துடைப்பது.

சுவிட்சே இல்லாத சில ஐடியாபேட் மாடல்களில் ஐடியாபேட் லேப்டாப் என்ற கெர்னல் மாட்யூல் இல்லாத சுவிட்ச் பூட்டியிருப்பதாகச் சொல்லும். சூடோ மோட்புரோப், கோடு ஆர், அப்புறம் ஐடியாபேட், கீழ்க்கோடு, லேப்டாப் என்று அடித்து அதை இறக்கிப் பாருங்கள். வைஃபை வந்தால் மோட்புரோப் டாட் டி ஃபோல்டரில் பிளாக்லிஸ்ட் வரி ஒன்று எழுதிவிடலாம்.

என் எம் சி எல் ஐ, இடைவெளி, டிவைஸ் என்று அடித்து, வைஃபைக்கு நேரே அன்மேனேஜ்டு என்று வந்தால் அது வேறு கதை. டெபியனை வைஃபை வழியாக இன்ஸ்டால் செய்தவர்களுக்கு இது வரும்: ஈடிசி உள்ளே நெட்வொர்க் ஃபோல்டரில் இன்டர்ஃபேசஸ் என்ற கோப்பில் அட்டையின் பெயர் எழுதியிருக்கும், நெட்வொர்க் மேனேஜர் அதைத் தொடாது. அந்த வரிகளின் முன்னால் ஹாஷ் குறி போட்டுவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்த வீட்டு வைஃபை தெரிகிறது, நம்முடையது தெரியவில்லை

கல்லிடைக்குறிச்சியில் ஒரு மாமா வீடு. தெரு நெடுக ஒட்டு வீடுகள், ஒவ்வொன்றும் திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருக்கும், சுவர் ஒவ்வொன்றும் கையை நீட்டி அளக்கிற கனம். ரவுட்டர் ரேழியில், மாமா லேப்டாப்போடு இரண்டாம் கட்டில். பக்கத்து வீட்டு வைஃபை நான்கு கோடும் காட்டுகிறது, சொந்த வைஃபை பட்டியலிலேயே இல்லை. லினக்ஸ்தான் காரணம் என்று மாமா முடிவே கட்டிவிட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தோம், வந்துவிட்டது. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இருந்தது, அந்த அலை கனத்த சுவரைத் தாண்டாது. 2.4ஐயும் ஆன் பண்ணி அதற்குத் தனிப் பெயர் வைத்ததும் கொல்லை வரைக்கும் எட்டியது.

சில பழைய அட்டைகளுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணே கிடையாது, பிராட்காம் 43142 அப்படி ஒன்று, அதை ரவுட்டரின் மேலேயே வைத்தாலும் தெரியாது. 2.4லும் ரவுட்டர் 12, 13ஆம் சேனலில் இருந்தால் சில லேப்டாப் எடுக்காது. ஐ டபிள்யூ, ரெக், கெட் என்று அடித்தால் எந்த நாட்டு விதியில் இருக்கிறது என்று காட்டும். 00 என்று மட்டும் இருந்தால் சூடோ ஐ டபிள்யூ, ரெக், செட், பெரிய எழுத்தில் ஐ என் கொடுத்துப் பாருங்கள். அதைவிடச் சுலபம் ரவுட்டரை 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நிறுத்திவிடுவது.

பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது

தமிழில் எழுதுகிறவர்களுக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. விசைப்பலகை தமிழ்99இல் நின்றுகொண்டிருக்கும், பாஸ்வேர்டு பெட்டியில் புள்ளிகளாகத் தெரிவதால் நாம் அடிப்பது தமிழ் எழுத்து என்பதே தெரியாது. நானே அரை மணி நேரம் ரவுட்டரைத் திட்டியிருக்கிறேன். கண் படத்தை அமுக்கி என்ன விழுகிறது என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

ரவுட்டரில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் லேப்டாப் பழையதையே நினைவில் வைத்து முட்டிக்கொண்டிருக்கும், செட்டிங்கில் அந்த வைஃபையை ஃபர்கெட் கொடுத்துப் புதிதாகச் சேருங்கள். ரவுட்டரில் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் பழைய அட்டை சேராது, 2ம் 3ம் கலந்தது என்று மாற்றினால் போதும்.

சேர்ந்துவிட்டது, ஒரு பக்கமும் திறக்கவில்லை

படிப்படியாக வெளியே நடந்து போகிற மாதிரி பாருங்கள். முதலில் ஐ பி, இடைவெளி, ஏ. வைஃபைக்கு நேரே (பெயர் டபிள்யூ எல் என்று தொடங்கும்) 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரி இருக்கிறதா? ஒன்றுமே இல்லை அல்லது 169.254 என்று இருக்கிறது என்றால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. வைஃபையை அணைத்துப் போடுங்கள், அப்படியும் வராவிட்டால் ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்.

முகவரி இருந்தால் ஐ பி, ரூட் என்று அடித்து டீஃபால்ட் வயா என்பதற்குப் பக்கத்தில் உள்ள எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளை) கொடுங்கள், அதுதான் ரவுட்டர். பதில் வந்தால் அடுத்து 1.1.1.1க்கு பிங். அதுவும் வருகிறது, பெயரை அடித்தால் மட்டும் திறக்கவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையில். அந்த வைஃபையின் ஐபிவி4 பக்கத்தில் டிஎன்எஸ்ஸின் ஆட்டோமேட்டிக்கை எடுத்துவிட்டு 1.1.1.1, 8.8.8.8 என்று எழுதி, வைஃபையை ஒருமுறை விட்டுச் சேருங்கள். எப்போதோ போட்ட விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தளத்திலும் பாதுகாப்பு எச்சரிக்கை வருகிறது என்றால் மூலையில் தேதியைப் பாருங்கள். போர்டில் உள்ள பொட்டு பேட்டரி செத்திருந்தால் லேப்டாப் ஏதோ ஒரு பழைய வருடத்தில் உட்கார்ந்திருக்கும், சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதியைத் திருத்திவிட்டு பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர்2032, சில லேப்டாப்பில் ஒயர் வைத்த மாதிரி இருக்கும்.

வருகிறது, போகிறது

மூடித் திறந்த பிறகுதான் போகிறது என்றால் டிரைவரை இறக்கி ஏற்றிப் பாருங்கள். இன்டெல் அட்டைக்கு சூடோ மோட்புரோப், கோடு ஆர், ஐ டபிள்யூ எல் எம் வி எம், ஐ டபிள்யூ எல் வைஃபை; அப்புறம் கோடு ஆர் இல்லாமல் சூடோ மோட்புரோப் ஐடபிள்யூஎல்வைஃபை. அட்டைக்கு அட்டை பெயர் மாறும், முன்னே சொன்ன கெர்னல் டிரைவர் இன் யூஸ் வரியில் உள்ளதைப் போடுங்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அறுந்தால் மின்சிக்கனத்தைச் சந்தேகியுங்கள். உபுண்டு, மின்டில் ஈடிசி உள்ளே நெட்வொர்க் மேனேஜர், அதற்குள் கான்ஃப் டாட் டி ஃபோல்டரில் டீஃபால்ட் வைஃபை பவர்சேவ் ஆன் என்ற கோப்பு இருக்கும். வைஃபை டாட் பவர்சேவுக்கு நேரே உள்ள 3ஐ 2 ஆக்கிவிட்டு, சூடோ சிஸ்டம்சிடிஎல், ரீஸ்டார்ட், நெட்வொர்க் மேனேஜர் என்று அடியுங்கள். இந்தப் பெயரில் இடைவெளி கிடையாது, என் என்பதும் எம் என்பதும் பெரிய எழுத்து. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம், பரவாயில்லை.

கல்லிடைக்குறிச்சி மாமாவுக்கு 2.4 வைத்துக் கொடுத்து ஒரு வாரத்தில் மறுபடி போன். கச்சேரி கேட்கும்போது மட்டும் நெட் அறுகிறதாம். போய்ப் பார்த்தால், கச்சேரிகள் எல்லாம் யுஎஸ்பி 3.0 வட்டில், அதைச் சொருகினால் கோடு நான்கிலிருந்து ஒன்றாக இறங்குகிறது, பிடுங்கினால் ஏறுகிறது. யுஎஸ்பி 3.0 போடுகிற இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் சிந்தும், இன்டெல் 2012இலேயே இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. வட்டை நீளமான, நல்ல உறை போட்ட கேபிளில் ஓர் அடி தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் வேறு ஒரு புது லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து இன்ஸ்டால் செய்யாமல் லைவாக ஓட்டிப் பாருங்கள். அதில் வைஃபை வந்தால் அட்டை நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் சிஸ்டத்தில். அதிலும் அட்டையைக் காணவில்லை என்றால் அட்டை போயிருக்கலாம், 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்து காய்ந்த லேப்டாப்புகளில் இப்படிச் சிலதைப் பார்த்தேன். புது அட்டை வாங்குமுன் உங்கள் லேப்டாப்பின் பயாஸ் வேறு அட்டையை ஏற்குமா என்று விசாரியுங்கள், சில மாடல் தன் பட்டியலில் இல்லாததைக் கண்டால் பூட்டே ஆகாது. யுஎஸ்பி டாங்கிள் என்றால் பெட்டியில் லினக்ஸ் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மீடியாடெக் 7610யு, 7612யு சிப் போட்டவைக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, சொருகினால் ஓடும்.

என்னிடம் கேட்பதாக இருந்தால் “நெட் வரல அண்ணாச்சி” என்று மட்டும் அனுப்பாதீர்கள். எந்த லினக்ஸ், போவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள், எல் எஸ் பி சி ஐ, ஆர்எஃப்கில், என் எம் சி எல் ஐ மூன்றும் என்ன சொல்கின்றன, இவற்றைத் திரையைப் போட்டோ எடுத்தாவது அனுப்புங்கள். போட்டோவை மட்டும் ஆட்டாமல் எடுங்கள் மக்கா.